'ஏன் எங்கள் கல்லூரி?' என்ற எம்பிஏ கட்டுரைக்கு ஒவ்வொரு பி-ஸ்கூலையும் (பிசினஸ் ஸ்கூல்) எப்படி ஆராய்வது?

ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன், எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி வந்து நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் பெரிய குறை இருக்காது. எல்லோரும் பார்க்கும் பக்கங்களையே பார்த்துவிட்டு எழுதினால் அப்படித்தான் வரும். 'தலைசிறந்த பேராசிரியர்கள், பல நாட்டு மாணவர்கள், வலுவான அலம்னி (முன்னாள் மாணவர்) நெட்வொர்க்' என்ற மூன்றும் இல்லாத பி-ஸ்கூல் இணையதளமே கிடையாது. எழுதிய ஒவ்வொரு வரியிலும் கல்லூரியின் பெயரை அழித்து வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரி பொருந்தினால் அடித்துவிடலாம்.

தேடலைக் கல்லூரியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளில், படிப்பு முடிந்ததும் எந்த வேலை, எந்தத் துறை, எந்த ஊர் என்று எழுதுங்கள். கீழே, அந்த வேலைக்கு இன்று உங்களிடம் இல்லாத மூன்று நான்கு விஷயங்கள். உதாரணமாக, மருந்து உற்பத்தியில் இருக்கும் இன்ஜினியர் ஹெல்த்கேர் முதலீட்டுக்குப் போக நினைத்தால், இல்லாதவை வேல்யூவேஷன் (நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுவது), முதலீட்டு டீல் அனுபவம், அந்தத் துறையில் ஆள் பழக்கம். ஒவ்வொரு கல்லூரியிலும் இவற்றை மட்டுமே தேடுங்கள். இந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் இணையதளத்தில் இருப்பதெல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

அடுத்து படிப்பின் அமைப்பு. இது அரை மணி நேர வேலைதான், ஆனால் இதில் தவறினால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். இன்சியாட் எம்பிஏ 10 மாதம். ஜனவரியில் சேர்பவர்களுக்கு நடுவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு. ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு இல்லை. கொலம்பியாவில் இதற்கு நேர்மாறு: ஜனவரியில் சேர்ந்தால் கோடை இன்டர்ன்ஷிப் கிடையாது. துறை மாற நினைப்பவர் இது தெரியாமல் 'இன்டர்ன்ஷிப்பில் புதிய துறையைச் சோதித்துப் பார்ப்பேன்' என்று எழுதினால் கட்டுரையைப் படிக்கும் அட்மிஷன் குழுவினர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். சிகாகோ பூத்தில் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் லீட் என்ற தலைமைத்துவப் பாடம் ஒன்றுதான்; மற்றவற்றில் தேர்வு உங்கள் கையில். அங்கே 'உங்கள் கட்டாயப் பாடத்திட்டம் எனக்கு அடித்தளம் தரும்' என்று எழுதுவது, எதையும் படிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. ஹார்வர்டில் கேஸ் மெத்தட் (உண்மையான நிறுவனச் சிக்கல்களை வகுப்பில் விவாதித்துப் படிப்பது), ஒரு செக்ஷனில் சுமார் 90 பேர். கேஸ் மெத்தட் பிடிக்கும் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த 90 பேர் நடுவே உங்கள் வேலை அனுபவத்திலிருந்து என்ன பேசுவீர்கள் என்பதை எழுதுங்கள். மிச்சிகன் ராஸில் முதலாண்டிலேயே மேப் என்ற 7 வார நிறுவனப் புராஜெக்ட் உண்டு. நேரடி அனுபவம் இல்லாதது உங்கள் குறை என்றால் அதுவே நல்ல கொக்கி.

எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பெயர்களை எடுக்கும்போது கேட்டலாக்கை, அதாவது பாடப் பட்டியலை, நம்பாதீர்கள். அதில் பல ஆண்டுகளாக நடத்தாத பாடங்களும் கிடக்கும். நடப்பு ஆண்டின் வகுப்பு அட்டவணையைத் தேடி எடுத்து மூன்றைச் சரிபாருங்கள்: பாடம் இந்த ஆண்டு உண்மையில் நடக்கிறதா, யார் நடத்துகிறார் (அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருக்கலாம்), முன்பாடம் ஏதும் வேண்டுமா. பல கல்லூரிகளில் எலெக்டிவை பிட்டிங் முறையில், அதாவது ஏலம் கேட்பது போல, பெற வேண்டும். கூட்டம் மோதும் பாடம் கிடைக்காமலும் போகும். அதனால் 'கட்டாயம் படிப்பேன்' என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

இனி எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட், அதாவது படித்து முடித்தவர்களின் வேலை, சம்பளம் பற்றிக் கல்லூரி வெளியிடும் அறிக்கை. அதிகமாகத் தரவிறக்கி, குறைவாகப் படிக்கப்படும் ஆவணம் இதுதான். '90 சதவீதம் வேலை பெற்றனர்' என்றால் எத்தனை பேரில் என்று முதலில் பாருங்கள். வழக்கமாக வேலை தேடியவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். நிறுவனம் பணம் கட்டி அனுப்பியவர்களும் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் வெளியே. பட்டம் பெற்ற நாள், மூன்று மாதம் கழித்து என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் இடைவெளி பெரிதென்றால், பலருக்கு வேலை தாமதமாகவே அமைந்திருக்கிறது. சம்பளத்தில் சராசரியை விட்டு மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். பிறகு சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள். வேலை தேடிய 200 பேரில் உங்கள் துறைக்கு 3 சதவீதம் என்றால் 6 பேர்.

அந்த ஆறு பேரை லிங்க்ட்இனில் தேடுங்கள். கல்லூரிப் பக்கத்தின் அலம்னி பகுதியில் நிறுவனத்தையும் ஆண்டையும் வைத்து வடிகட்டலாம். அவர்கள் இப்போது இருக்கும் இடத்தை விட முக்கியம் எம்பிஏவுக்கு முன் செய்த வேலை. ஆறு பேருமே முன்பு பேங்கர்கள் என்றால் அந்த வாசல் இன்ஜினியருக்குத் திறந்ததாக இன்னும் சாட்சி இல்லை. உங்களைப் போன்ற ஒருவராவது கிடைத்தால், அவர்தான் நீங்கள் பேச வேண்டிய முதல் ஆள்.

பேச்சு 20 நிமிடம் போதும். கல்லூரிக்கு இரண்டு மாணவர்கள், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் முடித்த ஒருவர். தளத்தில் இருப்பதைக் கேட்டு அவர் நேரத்தைத் தின்னாதீர்கள். 'நீங்கள் விரும்பியும் கிடைக்காத எலெக்டிவ் எது?', 'ஹெல்த்கேர் கிளப் போன டெர்மில் என்ன நடத்தியது, எத்தனை பேர் வந்தார்கள்?', 'இந்தத் துறை நிறுவனங்கள் கேம்பஸுக்கு வருகின்றனவா, நீங்களாகப் போய்த் தட்ட வேண்டுமா?' இப்படிக் கேட்டால் மழுப்ப முடியாத பதில் வரும். தேர்வு வாரத்தில் கேட்டால் பதிலே வராது. கட்டுரையில் அவர் பெயரைச் சொல்வதென்றால் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள். 'பேசினேன், உங்கள் கலாச்சாரம் பிடித்தது' என்று எழுதுவதால் பயனில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு உங்கள் திட்டத்தில் எது மாறியது என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் தாளில் வையுங்கள்: வரிசையில் கல்லூரிகள், பத்தியில் உங்கள் குறைகள், கட்டத்தில் தகவலும் பார்த்த தேதியும். காலியாகவே நிற்கும் வரிசை இருந்தால் அந்தக் கல்லூரி உங்களுக்கானதுதானா என்று யோசிக்கலாம். கல்லூரிக்கு 8 முதல் 10 மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். விண்ணப்பத்தின் முதல் ரவுண்ட் பெரும்பாலும் செப்டம்பரில் முடிவதால் ஜூனிலாவது தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆறு என்பதே மேல்வரம்பு.

இத்தனை சேர்த்தாலும் 400 சொல் கட்டுரையில் இரண்டு மூன்றுக்குத்தான் இடம். ஆறு பாடப் பெயர்களை அடுக்கினால் அவர்கள் கேட்டலாக்கை அவர்களுக்கே வாசித்துக் காட்டியது போலாகும். ஒவ்வொன்றையும் தாளில் எழுதிய ஒரு குறையோடு கட்டுங்கள், அங்கே நீங்கள் கொடுக்கப்போவது எது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தரவரிசை எண்ணைக் குறிப்பிட வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியும். அனுப்பும் முன் மற்ற ஐந்து கல்லூரிகளின் பெயர்களையும் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். வெட்டி ஒட்டியதில் ஒரு பெயர் மிச்சம் இருப்பது நீங்கள் நினைப்பதை விட சாதாரணமாக நடக்கும். மிச்சத் தகவலைத் தூக்கிப் போடாதீர்கள். இன்டர்வியூவில் கட்டுரையில் குறிப்பிட்ட பாடத்தைப் பற்றியே துருவிக் கேட்கலாம். சிலபஸைத் திறந்து பார்க்காத பாடம் எதையும் எழுதிவிடாதீர்கள்.