உப்பு, கடல், கருவாடு: விளம்பரத்தை அமைப்பியல் வழியாகப் படிப்பது – கேள்வி பதில்

மண்டபம், கல்லூரி மாணவி: டீச்சர், இருமை எதிர்வு என்றால் விளம்பரத்தில் இருக்கிற எதிரெதிர்ச் சொற்களைப் பட்டியல் போடுவதுதானே? போட்டேன், மார்க் வரவில்லை.

பட்டியல் வெறும் தொடக்கம், பாப்பா. ஒரு குறிக்கு, அதாவது சொல்லுக்கோ படத்துக்கோ, தனியாக அர்த்தம் கிடையாது, மற்றவற்றிலிருந்து வேறுபடுவதால்தான் அர்த்தம் என்றார் மொழியியலாளர் சசூர். அர்த்தத்தை இப்படி வேறுபாடுகளின் அமைப்பாகப் படிப்பதுதான் அமைப்பியல். அவர் இறந்த பிறகு 1916இல் புத்தகமான பாடங்களில் இது இருக்கிறது. மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் அதைத் தொன்மக் கதைகளுக்குக் கொண்டுபோனார். பச்சை × சமைத்தது, இயற்கை × பண்பாடு என்று முரண்கள். கதை அவற்றுக்கு நடுவே ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுகிறது. விளம்பரத்தில் அந்த ஆள் வேலையைப் பார்ப்பது சரக்கு. அதனால் எந்தப் பக்கத்தை உயர்த்துகிறார்கள், யாரை எங்கிருந்து எங்கே கொண்டு சேர்க்கிறார்கள் என்று எழுது. மார்க் அங்கேதான் இருக்கிறது.

சாயல்குடி: நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

பாக்கெட் உப்பு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சமையலறை, வெளுத்த துணியில் அம்மா, தட்டில் சிந்தும் பொடியுப்பு. சுத்தம் × அழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. அழுக்கு படத்திலேயே இல்லை. இல்லாத பக்கத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம், சாக்கைத் திறந்து வைத்து அளந்து கொடுக்கிற கல்லுப்பை நினைத்து. இப்போது வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் வெள்ளைதான், கண் கூசுகிற வெள்ளை. பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிறவருக்கு வெள்ளை என்றால் வெயில், கண் எரிச்சல், காலில் புண். விளம்பரம் அந்த வெள்ளையை எடுத்துக்கொண்டு அந்தக் காலை வெட்டிவிடுகிறது. எனக்கு இதுதான் ஆத்திரம் தருகிற இடம். மாணவர்களை இங்கேதான் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன்.

கீழக்கரை, மளிகைக் கடைக்காரர்: அப்போ அந்த உப்பு விளம்பரம் பொய் என்கிறீர்களா?

இல்லை காக்கா (அண்ணே). அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும், உப்பில் அயோடின் சேர்ப்பது நல்லதுதான். சரக்கு நல்லதா கெட்டதா என்று இந்த முறை சொல்லாது. அர்த்தம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை மட்டும்தான் காட்டும்.

தொண்டி, தமிழாசிரியர்: தொல்காப்பியத்தின் அகம், புறமும் இதுதானே?

உறவு உண்டு, ஐயா. ஆனால் அகத்தில் ஐந்திணை வருகிறது, இரண்டோடு நிற்பதில்லை. எனக்கு அதிகம் உதவுவது முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள பொருள்கள்), உரி (உணர்ச்சி). விளம்பரமும் இடத்தையும் பொழுதையும் காட்டி, பொருள்களை அடுக்கி, உணர்ச்சியை விற்கிறது.

தங்கச்சிமடம்: ரிசார்ட் விளம்பரத்தில் எங்கள் கடலைப் பார்த்தால் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1964இல் பான்சானி என்ற பாஸ்தா விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தார். வலைப்பையில் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய். மஞ்சள், பச்சை, சிவப்பு நிறம். இதில் தெரிகிற ‘இத்தாலித்தனம்’ பிரெஞ்சுக்காரனுக்குத்தான் தெரியும், இத்தாலிக்காரனுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார். உங்கள் கதையும் அதுதான், தம்பி. ரிசார்ட்காரர் நகரம் × கடல் என்பதை இரைச்சல் × அமைதி என்று வைக்கிறார். உங்களுக்குக் கடல்தான் டீசல் இரைச்சல், ராத்தூக்கம் இல்லாத வேலை; அமைதி வீட்டில். அவர் கோடை விடுமுறைக்குக் கூப்பிடுகிற மாதங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர் வீட்டில் மீன்பிடி வருமானமே கிடையாது. ஒரே கடற்கரை, ஒரே மாதம். யாருக்காகப் படம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எதிர்வு தலைகீழாகிறது.

ராமநாதபுரம்: ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சு 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியதே, வெள்ளை × கருப்பு எதிர்வு போய்விட்டதா?

பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘பொலிவு’ (க்ளோ) எதற்கு எதிராக நிற்கிறது, பழைய கருப்பு நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார் என்று படத்தில் தேடுங்கள்.

பாம்பன், மகளிர் குழு: நாங்கள் கருவாடு பாக்கெட் போடுகிறோம். ‘வாடை இல்லாத கருவாடு’ என்று அச்சடிக்கலாமா?

வேண்டாம் அக்கா. கருவாட்டை முகம் சுளிக்கிறவர் பக்கம் போய் நின்றுகொண்டு நீங்கள் பேசுவதாகிவிடும். எதிர்வைக் கருவாட்டு உலகத்துக்குள்ளேயே வையுங்கள்: மணலில் காய்ந்தது × பரணில் (தரைக்கு மேலே கட்டிய தட்டியில்) காய்ந்தது. நீங்கள் மூங்கில் பரண் கட்டிக் காயவைப்பதானால் அந்தப் பரணையே படமெடுத்துப் போடுங்கள், மீனைப் பரப்புகிற கைகளோடு. கீழே காயவைத்த தேதி.