தவணையில் ஃபோன் வாங்கினால் வட்டியே இல்லை என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு ஆகும்?

என் கணக்கையே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவன். மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன்பாடு இருந்தால் காசு.

போன வருஷம் ஜனவரியில் ராமநாதபுரம் டவுனில் ஒரு கடை. ஃபோன் 18,000 ரூபாய். ரொக்கம் என்றால் 16,500க்குத் தருவதாகச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது 6,000. "வட்டியே கிடையாதுண்ணே, மாசம் 1,500, எட்டே மாசம்" என்றான் கடைப் பையன். தவணைக்கு 18,000தான் விலை. ரொக்கத்துக்குக் குறைக்கிற அந்த 1,500 ரூபாய்தான் வட்டி, பேர்தான் வேறு. பிராசசிங் ஃபீஸ் 600, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 708. ஸ்கிரீன் இன்சூரன்ஸ் 999; நான் கேட்கவே இல்லை, பில்லில் ஏறியிருந்தது.

அம்மா மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். பில்லைப் பார்த்ததும், "நூத்துக்கு எத்தன ரூவா வட்டிடா விழுது?" என்றார். முழித்தேன். பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ரொக்க விலையில் முன்பணம் போக 10,500. அதிலும் 708 அன்றைக்கே போய்விட்டது. ஆக எனக்குக் கிடைத்த கடன் 9,792, திருப்பிக் கட்டுவது 12,000. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது இல்லையா, அதனால் நூற்றுக்கு மாதம் நாலரை ரூபாய்க்கு மேல் விழுகிறது. இன்சூரன்ஸ் இதில் சேர்த்தியில்லை. ஊரில் மூணு வட்டி வாங்குகிறவரை வாய்க்கு வந்தபடி பேசியவன் நான்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். தவணைத் தேதியோ மாதம் 5. மே, ஜூன் இரண்டிலும் பேங்க் கணக்கு காலி. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் தரப்பில் தடவைக்கு 500 அபராதம், பேங்க் தன் பங்குக்கு 295 என்று 1,590 போனது. ஜூனில் ஃபோனையும் வேலை செய்யாதபடி பூட்டிவிட்டார்கள். எல்லாம் கட்டி முடித்தபோது 21,297. ரொக்க விலையைவிட 4,797 கூட.

எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் ஃபோனில் இங்கிலீஷில் ஏதோ வந்தது, திறக்கவில்லை. நீங்கள் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் ரொக்கத்துக்குக் குறைக்கும் விலை அந்தத் தாளில் தெரியாது. அதனால் தவணைப் பேச்சை எடுக்காமல் முதலில் ரொக்க விலையைக் கேட்டுவிடுங்கள். கடலுக்குப் போகிறவர் என்றால் ஜூலையில் ஆரம்பியுங்கள். எட்டுத் தவணையும் அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் முடிந்துவிடும்.

நான் அடுத்த ஃபோனுக்கு அம்மாவிடம் வாரம் 500 கொடுத்து வருகிறேன். படகு கட்டிக் கிடக்கும் வாரத்தில் அவர் கேட்பதில்லை.