4294967297: பகா எண் என்று நம்பப்பட்ட பகு எண்

4294967297 பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக எனக்கு மிகப் பிடித்த எண் இது.

கேள்வி: இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம், சார்?

2³² உடன் 1 கூட்டினால் வருவது இது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் (அதாவது 2¹, 2², 2⁴, 2⁸, 2¹⁶), ஒவ்வொரு விடையிலும் 1 கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இதே வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. ஆறாவதாக வரும் நம் எண்ணை 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் உடைத்துவிட்டார்: 641 × 6700417.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 641 எப்படிச் சிக்கியது? ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தாரா?

641 என்பது 116-ஆவது பகா எண். வரிசையாக வகுத்தால் 116 தடவை வகுக்க வேண்டும். ஆனால் ஆய்லர் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிச் சலித்தால் மிஞ்சுபவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது!

கேள்வி: வகுக்காமலே காட்ட முடியுமா?

முடியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. முதலாவதைப் பார்த்தால், 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு; அதனால் அதை 641-ஆல் வகுக்க மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. சரி, இரண்டாவதன்படி 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதிதான் தரும். 5⁴ இருந்த இடத்தில் −2⁴-ஐ வையுங்கள்: −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. நெடுவகுத்தல் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: என் நிரலில் இந்த எண்ணைக் கொடுத்தால் 1 என்று காட்டுகிறது, ஏன்?

உங்கள் நிரல் எண்ணை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. அதில் 4294967295 வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் மறுபடி 0, 1 என்று தொடங்கும். 64 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து எண்களிலும் ஏதாவது உண்டா, ஐயா?

இப்போது சொன்ன 4294967295-ஐயே காரணிப்படுத்துங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களும் அப்படியே வந்து நிற்கின்றன! அதனால் அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்துக் கோட்பாட்டளவில் வரைய முடியும். 1796-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 17 பக்கத்துக்குக் காட்டிய உண்மையின் நீட்சி இது. இரண்டே பக்கம் கூடுதலாக, 4294967297 பக்கம் என்றால் முடியாது; அதன் காரணிகளான 641-உம் 6700417-உம் ஃபெர்மாவின் வரிசையில் வருபவை அல்ல.

கேள்வி: அந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் கிடைத்ததா?

இல்லை. 2-இன் அடுக்கு 4294967296 (அதாவது 2³²) ஆகும் வரை பார்த்தாகிவிட்டது. 65537-க்குப் பிறகு அத்தனையும் பகு எண்கள்தான். இனி வரவே வராது என்று நிறுவியவரும் இல்லை.