ஐந்து பாக்ஸும் தெரியும், ஐந்தாம் பிரெட்டை விட்டு நகர முடியவில்லை!

கேள்வி: இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் கற்கிறேன். ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலின் ஐந்து பாக்ஸ்களும், அதாவது நெக்கில் அதை வாசிக்கும் ஐந்து விரல் வடிவங்களும், மனப்பாடம். ஆனால் பேக்கிங் ட்ராக் (பின்னணி இசை) போட்டு சோலோ வாசிக்க உட்கார்ந்தால், விரல் ஐந்தாம் பிரெட்டை (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டி) சுற்றியே நிற்கிறது. கிட்டார் வாங்கிய கடையில் கேட்டேன். "நெக் முழுக்க வாசிக்க மூன்று மாத ஸ்பெஷல் கோர்ஸ் இருக்கு, 15,000 ரூபாய், நான் சொன்னா குறைப்பாங்க" என்கிறார் கடைக்காரர். சேரலாமா சார்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில், பணத்தைக் கட்டாதீர்கள். "நான் சொன்னா குறைப்பாங்க" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அதில் ஒரு பங்கு போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் கிளாஸுக்கும் நடுவே இந்தக் கமிஷன் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்த கோர்ஸ்காரர்கள் கையில் கொடுக்கப்போவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற அதே ஐந்து பாக்ஸ் படம்தான். என்ன, கலர் அடித்துக் கொடுப்பார்கள்.

உங்கள் சிக்கல் வேறு. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆறாம் கம்பியின் எட்டாம் பிரெட்டில் தொடங்குகிற இரண்டாவது பாக்ஸில் ஏ என்ற சுரம் எங்கே இருக்கிறது? படத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். நாலாம் கம்பியில் 7, இரண்டாம் கம்பியில் 10 (எண்கள் பிரெட்டைக் குறிக்கும், மெல்லிய கம்பிதான் முதல் கம்பி). டக்கென்று வாயில் வரவில்லை என்றால் காரணம் அதுதான். உங்கள் விரலுக்கு வடிவம் தெரியும், காதுக்கு வீடு, அதாவது ஆதார சுரமான ஏ, எங்கே என்று தெரியாது. முதல் பாக்ஸில் ஏ எங்கே என்று தெரிவதால் அங்கேயே பாதுகாப்பாக உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

ஏ, சி, டி, ஈ, ஜி. மொத்தம் ஐந்து சுரம்தான். இதை மேலிருந்து கீழே ஆறு கம்பியிலும் ஏறி இறங்கிப் பழக்குகிறார்களே தவிர, ஒரே கம்பியில் நெக்கின் நீளத்துக்கு வாசிக்க யாரும் சொல்லித்தருவதில்லை. வீணை வாசிப்பவர்களைக் கவனியுங்கள். அவர்கள் கை பெரும்பாலும் ஒரே தந்தியில்தான் மேலும் கீழும் போய்வருகிறது. நாமும் அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் கம்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5, 8, 10, 12, 15, 17. அதாவது ஏ, சி, டி, ஈ, ஜி, மறுபடி மேல் ஏ. பேக்கிங் ட்ராக் இப்போது வேண்டாம். ஐந்தாம் கம்பியை எதையும் அழுத்தாமல் தட்டினால் அதுவே ஏ. அதை ஒலிக்கவிட்டு அதன்மேல் வாசியுங்கள். போனில் ஸ்ருதிப்பெட்டி ஆப் இருந்தால் 6 கட்டை, அதாவது ஏ, வையுங்கள், இன்னும் நல்லது. ஒவ்வொரு சுரத்திலும் நின்று, அந்த ஆதார ஒலியோடு அது எப்படிச் சேர்கிறது என்று கேளுங்கள். ஈ நிம்மதியாக நிற்கும். ஜி மேலே போகத் துடிக்கும். ஒரு வாரம் இது மட்டும் போதும். வேகம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த வாரம் இரண்டு கம்பி. ஆறாம் கம்பியில் 5, 8. ஐந்தாம் கம்பியில் 5, 7, 10. இரண்டும் மூன்றும் ஐந்து, ஒரு ஸ்தாயி முடிந்தது. இனி இதே வடிவத்தை அப்படியே நாலாம், மூன்றாம் கம்பிகளுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நாலில் 7, 10. மூன்றில் 7, 9, 12. அப்புறம் இரண்டாம், முதல் கம்பிகள். இரண்டில் 10, 13. ஒன்றில் 10, 12, 15. ஒரே வடிவம், மூன்று ஸ்தாயி, 5 முதல் 15 வரை நெக்கைக் குறுக்காகக் கடந்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஜோடியும் ஏ-வில் தொடங்குவதால் வீடு எங்கே என்ற கேள்வியே எழாது.

கை மாறும் இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஐந்தாம் கம்பியில் 7-ஐ மோதிர விரலால் அழுத்தி, விரலை எடுக்காமல் 10-க்கு வழுக்குங்கள். கை மொத்தமும் கூடவே நகரும், ஆள்காட்டி விரல் நாலாம் கம்பியின் 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதை வைத்தால் அடுத்த ஏ. இந்த ஒரு வழுக்கல் பிடிபட்டால் பாக்ஸை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு இடறல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் குழம்புவது இங்கேதான். முதல் தாவலில் 5-லிருந்து 7-க்குப் போனோம், இரண்டு பிரெட். அடுத்த தாவலில் 7-லிருந்து 10-க்கு, மூன்று பிரெட். ஏன்? நீங்கள் காதால் ட்யூன் செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் கம்பியின் ஐந்தாம் பிரெட்டும் ஐந்தாம் கம்பியும் ஒரே ஒலி. அதேபோல ஐந்துக்கும் நாலுக்கும், நாலுக்கும் மூன்றுக்கும். மூன்றாம் கம்பிக்கு வரும்போது மட்டும் நாலாம் பிரெட்டில் அழுத்துகிறோம். இரண்டுக்கும் ஒன்றுக்கும் மறுபடி ஐந்து. அதாவது மற்றக் கம்பிகளின் கணக்குப்படி இருக்கவேண்டியதைவிட இரண்டாம் கம்பி ஒரு பிரெட் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மூன்றிலிருந்து இரண்டுக்குத் தாண்டும்போதெல்லாம் வடிவம் ஒரு பிரெட் மேலே தள்ளிப்போகும். சோதித்துப் பாருங்கள்: இதே இரண்டு கம்பி வடிவத்தை மூன்றாம் கம்பியின் 2-இல் தொடங்கினால் மூன்றில் 2, 5. இரண்டில் 2, 4, 7 என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது 3, 5, 8. உங்கள் ஐந்து பாக்ஸ்களும் கோணல்மாணலாகத் தெரிவதற்குக் காரணம் இந்த ஒரு கம்பிதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் சொல்லாமல் ஐந்து தனித்தனிப் படங்களை மனப்பாடம் செய்யவைத்து மாதக்கணக்கில் ஃபீஸ் வாங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்கிற பல வகுப்புகளிலும் இதே கதைதான். ஸ்கேலை மெட்ரோனோம் என்ற தாளக் கருவிக்கு ஏறி இறங்கத் தெரிந்தால் மார்க். "இந்த ஐந்து சுரத்தில் உனக்குப் பிடித்த நாலு வரி வாசி" என்று வகுப்பில் கேட்பதில்லை, வீட்டிலும் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும், பிள்ளை ஐந்தாம் பிரெட்டில் நிற்கும்.

இன்னொரு பயிற்சி. நம் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். நீங்கள் வாசிக்கும் இந்த ஐந்து சுரங்களின் வரிசை சுத்த தன்யாசியின் வரிசை: ச க ம ப நி. இப்போது ஸ்ருதிப்பெட்டியை மட்டும் 1 கட்டைக்கு, அதாவது சி-க்கு மாற்றுங்கள். விரல் அதே இடங்களில்தான் போகிறது, ஆனால் கேட்பது மோகனத்தின் வரிசை: ச ரி க ப த. மேற்கத்திய முறையில் சொன்னால் சி மேஜர் பென்டடோனிக். கர்நாடக இசையில் இதைத்தான் கிரக பேதம் என்கிறார்கள். ஐந்து சுரத்தில் எதை ஆதாரமாக வைத்தாலும் ஒரு வரிசை பிறக்கும். மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி மூன்றும் இப்படி வருபவைதான். கமகம் (சுரங்களை அசைத்து வாசிப்பது) இல்லாமல் அது ராகம் ஆகாது, அது வேறு பேச்சு. நமக்கு வேண்டியது, ஒரே இடங்கள் வீடு மாறும்போது வேறாக ஒலிப்பதைக் காது உணர்வது. தெரிந்த மோகனப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே விரலால் தேடுங்கள். வாய் பாடுகிற இடத்துக்கு விரல் போகப் பழகிவிட்டால் பாக்ஸ் எண் எதுவும் ஞாபகத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் 499 ரூபாய்க்கு விற்கிற ஸ்கேல் பிடிஎஃப்களையும் வாங்காதீர்கள். அதில் இருப்பதெல்லாம் மேலே சொன்ன ஐந்து சுரங்களிலிருந்து நீங்களே ஒரு தாளில் வரைந்துகொள்ளக்கூடியது. வரைந்தால் மனதில் நிற்கும் என்பதால் வரையவே சொல்வேன். ஆசிரியர் வேண்டும் என்று தோன்றினால் கடை வழியாகப் போகாமல் நேரில் போய் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஒரே கம்பியில், இந்த ஐந்து சுரத்தில், இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனதுக்குப் பிடித்தால் தொடருங்கள்.

கடைசியாக, உங்கள் கிட்டாரைக் கவனியுங்கள். 12-ஆம் பிரெட்டில் ஆறாம் கம்பிக்கும் பிரெட்டின் மேல்பகுதிக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் மேலே போகும்போது விரல் வலிக்கும், சுதியும் விலகும். நெக்கையும், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடிலையும் சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கடைக்காரர் இதற்கு வேறு கிட்டார் வாங்கச் சொல்வார், வாங்காதீர்கள். உடலில் நெக்கை ஒட்டி வெட்டு இல்லாத கிட்டார் என்பதால் 15-ஆம் பிரெட் எட்டவில்லையா, எல்லாவற்றையும் இரண்டு பிரெட் கீழே இறக்கி ஆறாம் கம்பியில் 3-இல் தொடங்குங்கள். அது ஜி மைனர், ஸ்ருதிப்பெட்டி 5 கட்டை.