பழைய துணி மூட்டை

அன்புள்ள சார்,

கும்பகோணத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார்கள். கடந்த முப்பது வருடத்தில் உலகில் கொடிய வறுமையில் இருப்பவர்களின் விகிதம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நாலைந்து பேர் தவிர எல்லோரும் ‘கூடியிருக்கிறது’ என்று கை தூக்கினோம். தப்பு என்றார் ஆசிரியர். விவரமே தெரியாத மக்களின் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு என்று அன்றிலிருந்து ஒரே குழப்பம்.

வீட்டில் சொன்னேன். எங்களுக்கு முக்கால் வேலி நிலம், அதாவது சுமார் ஐந்து ஏக்கர். அப்பா, “ஏழை எங்க இருக்கான்? நூறு நாள் வேலை வந்ததுலேருந்து நடவுக்கு ஆள் கிடைக்கல, எல்லாம் மரத்தடியில உட்கார்ந்து சம்பளம் வாங்குது” என்றார். அவரிடம் என்ன சொல்வது? இன்னொன்று: ‘முதலில் சோறு, அப்புறம்தான் மனித உரிமை’ என்கிறாள் தோழி. அது சரிதானே?

ம.

அன்புள்ள ம.,

அந்தக் கேள்வியில் நீங்கள் தோற்றதற்கு வெட்கப்பட வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் பல நாடுகளில் இதே மாதிரிக் கேட்டுப் பார்த்தபோது பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. 1990இல் உலகில் மூன்றில் ஒருவருக்கு மேல் கொடிய வறுமையில் இருந்தார்கள், இப்போது சுமார் பத்தில் ஒருவர். ஆனால் அந்த வறுமைக் கோடு எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் உலக வங்கி அதை நாளொன்றுக்கு 3 டாலர் என்று உயர்த்தியது. அதை வங்கியில் மாற்றும் டாலராக நினைக்கக்கூடாது, நம் ஊர் விலைவாசிக்குச் சரிக்கட்டினால் 2021 விலையில் அறுபது ரூபாய் சொச்சம்தான் வரும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஒருத்தி மட்டும் வேலைக்குப் போனால் தலைக்கு 84 ரூபாய். அன்றைக்கு அந்த வீடு கோட்டைத் தாண்டிவிட்டது. மறுநாள் வேலை இல்லையென்றால் திரும்ப உள்ளே.

ஆக, எண்ணிக்கை குறைந்தது நிஜம், ‘ஏழை எங்க இருக்கான்’ என்பது பொய், இரண்டும் ஒரே சமயத்தில்.

ஆனால் உங்கள் குழப்பத்துக்கு நான் வேறு பக்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விவரம் தெரியாததால்தான் மக்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. நிவாரண லாரியின் மேலே நிற்கிறோமா கீழே நிற்கிறோமா என்பதில் இருக்கிறது விஷயம். இதை என்னை வைத்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2004 டிசம்பர், சுனாமி. மூன்றாம் நாள் நண்பர்கள் ஐந்தாறு பேர் வேன் பிடித்து நாகப்பட்டினம் போனோம். வீடுவீடாகக் கேட்டு வாங்கிய துணி, பதினேழு மூட்டை. போனால் சாலையோரம் பூராவும் துணி, யாரோ எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து போட்டது, மழையில் நனைந்து மாடு மிதித்துக் கிடக்கிறது. ஒரு மீனவப் பெண் எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து அப்படியே தள்ளி வைத்துவிட்டு, “அடுப்பு இருக்கா தம்பி, பாத்திரம் இருக்கா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பி வரும்போது வேனில் முழுக்க அந்தப் பேச்சுதான். கொடுத்தாலும் திமிர் போகவில்லை, இவர்களுக்கெல்லாம் இனி செய்யக்கூடாது. பேசியது நான்தான், வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

பதினான்கு வருடம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியது. எங்கள் வீடு திருத்துறைப்பூண்டி பக்கம். ஓடு போனது, தென்னை முப்பத்தெட்டில் மிஞ்சியது ஐந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. நாலாம் நாள் மெயின் ரோட்டில் நானும் நின்றேன், பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி. லாரி வந்தது. மேலே நின்ற பையன் ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மூட்டையைத் தள்ளினான். எனக்குக் கிடைத்த மூட்டையில் கொக்கி போன ஜாக்கெட் இரண்டு, ஏதோ ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடை, ஒற்றைக் கால் சாக்ஸ். எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய். அதை உரக்கச் சொன்னோம், அடுத்த லாரியை மறித்தும் சொன்னோம். அன்று ராத்திரி யாரோ சார்ஜ் போட்டு வந்த போனில் பார்த்தேன், ‘டெல்டாக்காரர்கள் லாரியை மறித்துப் பிடுங்குகிறார்கள், இவர்களுக்குக் கொடுக்கவே கூடாது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை என் வேன் பேச்சு.

உலக அளவில் நடப்பதும் இதுதான். அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு வைத்து, வெளிநாட்டு உதவிக்கு அரசு பட்ஜெட்டில் எவ்வளவு போகிறது என்று கேட்டால் சராசரியாகக் கால் பங்கு என்கிறார்கள். உண்மையில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருந்தது. பணக்கார நாடுகள் தம் வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. 1970இல் தீர்மானம் போட்டது, இன்றுவரை அதைக் கொடுக்கும் நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கொடுக்கிறவருக்குத் தன் கை எப்போதுமே பெரிதாகத் தெரிகிறது, வேனில் எனக்குப் பதினேழு மூட்டையும் பதினேழு வண்டியாகத் தெரிந்த மாதிரி. 1990களின் உலக விழுமியங்கள் ஆய்வில் (World Values Survey) ஏழைகள் சோம்பேறிகள் என்றவர்கள் அமெரிக்காவில் 60 சதவீதம், ஐரோப்பாவில் 26. அமெரிக்க ஏழை ஐரோப்பிய ஏழையைவிட இரண்டு மடங்கு சோம்பேறியாகவா இருப்பான்? பார்க்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வயலில் இந்த வருடம் நட்டது யார்? எங்கள் பக்கம் வங்காளப் பையன்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, விடிவதற்குள் வயலில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டுப் போகிறார்கள். ‘உழைப்புன்னா அவன்தான், நம்ம ஆளுங்களுக்கு உடம்பு வளையாது’ என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் ஊரில் 2022 மார்ச்சிலிருந்து நூறு நாள் வேலைக்கான பணத்தை, முறைகேடு என்று சொல்லி, மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அது ஒன்றினால்தான் இங்கே வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உள்ளூரில் கூலி கிடைக்காதவன்தான் ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலில் வந்து அடுத்தவன் வயலில் குனிவான். மன்னார்குடிப் பையன்கள் சிங்கப்பூரில் லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள், அங்கே அவர்கள் உழைப்பாளிகள். இங்கே இருந்தவரை அவர்களும் ‘நம்ம ஆளுங்க’தான்.

உங்கள் தோழிக்கு. 1948இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 25வது பிரிவு சோறு, துணி, வீடு, மருத்துவம் என்றுதான் பேசுகிறது. பிறகு பனிப்போரில் அதை இரண்டாகக் கூறு போட்டு, வயிற்றுக்கான பொருளாதார, சமூக உரிமைகள் ஒன்று, வாய்க்கான அரசியல் உரிமைகள் ஒன்று என்று 1966இல் இரண்டு உடன்படிக்கைகளாக எழுதினார்கள். வயிற்றைப் பேசும் உடன்படிக்கையில் அமெரிக்கா 1977இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதிசெய்யவில்லை. வாயைப் பேசும் உடன்படிக்கையை சீனா அதேபோல வைத்திருக்கிறது. இந்தியா 1979இல் இரண்டிலும் சேர்ந்தது. ‘முதலில் சோறு’ என்பது அந்தச் சண்டையில் ஒரு கட்சியின் வாதம், அவ்வளவுதான்.

நம் மண்ணில் அது பிரிந்தே இருந்ததில்லை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டியபோது கூலியைக் கூட்டு என்ற அதே மூச்சில்தான் சாணிப்பால் குடிக்க வைப்பதும் சவுக்கடியும் கூடாது என்றார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது மிராசுதார்களின் மனம் இளகியதால் அல்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தது கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு. அரைப்படி சோறு சம்பந்தப்பட்டது, கேட்டது உரிமை சம்பந்தப்பட்டது, இதில் எது முதல் என்று உங்கள் தோழியால் பிரித்துக் காட்ட முடியுமா? அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தபோது, பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற அர்த்தத்தில் எழுதியது. அதுவும் ஏழை பணக்காரன் பற்றிய ஒரு அபிப்பிராயம்தான், தீர்ப்பாக வந்துவிட்டது. அதனால் அபிப்பிராயத்துக்கு மதிப்பு இல்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அது ஆளைக் கொல்லும், விடுவிக்கும்.

அப்பாவிடம் உலக வங்கிக் கணக்கெல்லாம் சொல்லாதீர்கள், எரிச்சல்தான் வரும். அவர் கோபம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. 2005-06இல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டால் 570 ரூபாய், 2025-26இல் 2,369. ஏறக்குறைய நாலு மடங்கு. உரம், டீசல், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் எத்தனை மடங்கு ஏறியது என்பது அவருக்குத்தான் தெரியும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து ராத்திரியெல்லாம் விழித்திருந்ததும் அவர்தான். அந்தக் கடுப்பைக் காட்டக் கைக்கெட்டும் தூரத்தில் டெல்லி இல்லை, வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் இருக்கிறாள்.

முக்கால் வேலிக்காரர் வீட்டில் நிச்சயம் கணக்கு நோட்டு இருக்கும். பழைய நோட்டு கிடைத்தால், நூறு நாள் வேலை வருவதற்கு முன்னால் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நடவுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார், அதில் பெண்ணாளுக்கு எவ்வளவு, ஆணாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.