ஓட்டு ஈரோட்டில், போட்டி மொடக்குறிச்சியில்: மனு நிற்குமா?

கேள்வி: என் ஓட்டு ஈரோடு கிழக்குத் தொகுதியில் இருக்கிறது. சொந்த ஊர் மொடக்குறிச்சித் தொகுதிக்குள். காளிங்கராயன் வாய்க்காலில் சாயக்கழிவு கலப்பதை முன்வைத்து அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அங்கே சுயேச்சையாக நிற்க நினைக்கிறேன். ஓட்டு அங்கே இல்லாததால் மனு தள்ளுபடியாகிவிடும் என்கிறார் ஒருவர். 30,000 ரூபாய் கொடுத்தால் பத்துப் பேர் கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நிற்கலாம். சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஏதாவது ஒன்றின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பயமுறுத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது, தெரிந்தேதான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித் தொகுதிக்காரர் என்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரே ஒரு காகித வேலை இருக்கிறது. ஈரோடு கிழக்குப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும். அந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அதிகாரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரையும் கையெழுத்துமாக வாங்க வேண்டியது. இணையத்தில் இறக்கி பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்த தாள் சான்றிட்ட நகல் ஆகாது, பலர் அதைத்தான் நீட்டுகிறார்கள். மனுவோடு வைக்க முடியாமல் போனால் பரிசீலனை நேரத்தில் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்த அளவுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அதற்கும் முன்னால், பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. வாக்காளர் அட்டை பர்ஸில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. அட்டை வெறும் அடையாளம், உரிமை பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் பாகம் எண், வரிசை எண்ணையும் புதிதாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய எண்ணை நம்பாதீர்கள்.

இனி அந்தப் பத்துக் கையெழுத்து. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்தப் பாரபட்சம் வந்த கதையே நீங்கள் நிற்கப்போகும் தொகுதியைச் சேர்ந்ததுதான். 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோபத்தில் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவே ஒரு மாதம் தள்ளிப்போனது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவாளர் என்றும் கொண்டுவந்தார்கள். 2010-லிருந்து டெபாசிட் 10,000 ரூபாய். விவசாயிகளின் குறை என்ன ஆனது என்று கேட்காதீர்கள், மனுப் போடுவதைக் கடினமாக்கியதுதான் அரசுக்குத் தெரிந்த பதில். அவ்வளவு செய்தும் 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள்.

இந்தப் பத்துப் பேரும் மொடக்குறிச்சி வாக்காளர்களாக இருக்க வேண்டும். உங்கள் ஈரோட்டு நண்பர் எவ்வளவு நெருக்கமானாலும் உதவாது. 30,000 கேட்கும் அந்தத் தரகர் விளையாடுவது இங்கேதான். பட்டியலைப் பார்த்துப் பத்துப் பெயரை எடுத்து, ஒரே கை, ஒரே பேனாவில் பத்துக் கையெழுத்தையும் போட்டுவிடுவார். பரிசீலனை மேசையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து "நான் போடவேயில்லைங்க" என்று சொல்ல வைத்தால் முடிந்தது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதற்கும் இதுதான் காரணம். முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள், அவர்களை மிரட்டிவிட்டார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. உண்மையாகப் போட்ட கையெழுத்துக்கே இந்தக் கதி வரலாம் என்றால் போலிக் கையெழுத்து எந்த மூலைக்கு?

அதனால் நீங்களே வீடு வீடாகப் போய், கண் முன்னால் கையெழுத்து வாங்குங்கள், போடும்போது செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது கொடுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். இதைத் தரகர் சொல்லமாட்டார்.

கைநாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நல்ல மனுக்கள் இதில்தான் அடிபடுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி உங்களை முன்மொழியலாம், தடையே இல்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் மை தடவி வாங்கிவந்த கைநாட்டு செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, ஆணையம் அதற்கென்று குறிப்பிட்ட அதிகாரி முன்போ அவர் விரலை வைக்க வேண்டும், இன்னார்தான் என்று திருப்திப்பட்டு அந்த அதிகாரி அதற்குச் சான்று போட வேண்டும். நோட்டரி சான்று இதற்கு உதவாது, கிராம நிர்வாக அலுவலர் சீல் வைத்தாரே என்றாலும் உதவாது. அதே பாட்டிக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும், கை நடுங்கும் என்றால் எழுதவே சொல்லுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் அது கையெழுத்து, யார் சான்றும் வேண்டாம். சிலர் ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடத் தெரிந்தவரையும் கைநாட்டு வைக்கச் சொல்லி, தாங்களாகவே சிக்கலை இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். கைநாட்டுக்காரர் பத்தில் ஒருவர் இருந்தாலும் மனு கொடுக்கப் போகும்போது அவரைக் கையோடு கூட்டிப்போக வேண்டும். உள்ளே வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி என்பதால் யார் யார் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பிரமாணப் பத்திரத்தில், அதாவது படிவம் 26-ல், ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். சொத்து இல்லையென்றால் 'இல்லை', பொருந்தாதென்றால் 'பொருந்தாது' என்று எழுதுங்கள். கோடு போட்டால் போதும் என்பது தரகர் சட்டம். டெபாசிட்டைப் பணமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை வாங்கமாட்டார்கள். பட்டியல் சாதியினருக்குப் பாதித் தொகை. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னதாகத் திறந்திருக்க வேண்டும்.

அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியைத் தனியாகச் சொல்கிறேன். மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்குக் குறித்த நாள் பிறப்பதற்குள் எடுத்தாக வேண்டும். பரிசீலனைக் காலையில் வந்து "இப்போ எடுத்துக்கறேன்" என்றால் காலம் கடந்தது கடந்ததுதான். தேர்தல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசி நாள் மதியம் 2.40-க்கு அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? உதவியாளர் ஒருவர் பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பத்து வரிசை எண்ணையும் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருப்பார், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் டெபாசிட்டுக்கு ஒரு ரூபாய் நாணயமாக மூட்டையோடு நிற்பார், டோக்கன் வாங்கியவர்கள் வாசல்வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் மனுவில் ஓட்டை இருந்தால் திருத்திக்கொண்டு வர நேரமிருக்காது. நேரம் காலை 11 முதல் மதியம் 3 வரை, முதல் இரண்டு நாளில் போய்விடுங்கள். என்னென்ன ஆவணம் குறைகிறது என்று அலுவலர் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

தள்ளுபடி ஆகிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் அன்றே தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1952-லேயே உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த விஷயம் அது, அதுவும் உங்கள் பக்கத்து நாமக்கல் தொகுதி வழக்கில், பொன்னுசாமி என்பவருடையது. தேர்தல் நடந்து முடிய வேண்டும், முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் ஐந்து வருடம் ஓடிப்போனாலும் ஆச்சரியமில்லை. ஒரு அதிகாரி ஒரு மணி நேரத்தில் செய்த தப்புக்கு இதுதான் நிவாரணம் என்றால் என்ன சொல்ல.

தரகரிடம் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, 30,000 போவதைவிடப் பெரியது. மொடக்குறிச்சியில் 2021-ல் பா.ஜ.க.வின் சரஸ்வதி ஜெயித்தது 281 ஓட்டில், தோற்றவர் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். இப்படி இழுபறியான தொகுதியில் ஒவ்வொரு சுயேச்சைக்கும் விலை உண்டு. உங்கள் பெயரில் வாகன அனுமதி, பூத் ஏஜென்ட், வாக்கு எண்ணும் இடத்து ஏஜென்ட் எல்லாம் வாங்கிப் பெரிய கட்சிக்காரருக்குக் கொடுப்பது ஒரு வழி. இன்னொன்று, "சும்மா ஃபார்மாலிட்டி" என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வாபஸ் கடிதத்தை வேட்பாளரின் எழுத்துமூல அதிகாரத்தோடு முன்மொழிந்தவரோ தேர்தல் ஏஜென்டோகூடக் கொடுக்கலாம். கொடுத்த வாபஸைத் திரும்ப வாங்க முடியாது. அவர் கொண்டுவந்த பத்துப் பேரில் ஒருவரிடம் உங்கள் வெற்றுக் கையெழுத்து இருந்தால் நீங்கள் பிரச்சார வேனில் இருக்கும்போதே களத்தில் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு வாபஸ் பெறுவதும் நிற்பதும் லஞ்சம் என்கிறது சட்டம், கொடுத்தவர் மட்டுமல்ல வாங்கியவரும் மாட்டுவார்.

கடைசியாக, செலவுக் கணக்கு. உச்சவரம்பு 40 லட்சம், நீங்கள் அதன் பக்கமே போகப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ரசீதுகளோடு கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். நாற்பது ஓட்டு வாங்கியவரும் கொடுக்க வேண்டும், டெபாசிட் போனவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தேர்தல் முடிந்ததும் தரகரின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.