'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா? கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 24 வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலைப் படித்து, சாயப்பட்டறைக்கும் தையலுக்கும் செக்கிங்குக்கும் விளங்கும்படி சொல்வதுதான் வேலை. அத்தனை வருடத்தில் 'ரன்' அளவுக்கு என்னைத் தடுமாற வைத்த ஆங்கிலச் சொல் வேறில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலைக்குப் புதியவர், திருப்பூர்: ஏனுங்க அக்கா, 'ரன்'னுக்கு 645 அர்த்தம்னு சொல்றாங்களே, நெசமாலுமாங்க?

நெசம்தான் தம்பி. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள் தேறியது. 2011-ல் இந்தச் செய்தி வெளியே வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் பெரியது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கால் ஓடியது, தண்ணீர் ஓடியது, அங்கிருந்துதான் எல்லாம் கிளைத்தது. இயந்திரங்கள் வந்ததும் அவையும் ஓடின. இயந்திரத்தை ஓட்டியவர் கம்பெனியையும் ஓட்டினார். இப்போது கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அகராதியில் முதலாவதாக இருக்கும் அர்த்தத்தை எடுத்து ஒட்டாதீர்கள். பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்.

சாயப்பட்டறை சூப்பர்வைசர், வீரபாண்டி: பையர் மெயில்ல 'த ரெட் இஸ் ரன்னிங்'னு வந்திருக்குதுங்க. செவப்பு நல்லா விக்குதுன்னுதானுங்க அர்த்தம்? நாங்க சந்தோசப்பட்டுட்டோம்.

இல்லைங்க. உடனே துணியை எடுத்துச் சோதியுங்கள். நம் ஜவுளிக்கடைகளில் 'ரன்னிங் கலர்' என்றால் வேகமாக விற்கிற கலர். ஆனால் அவர் சொல்வது சாயம் போகிறது என்று. துவைத்தால் சிவப்பு இறங்கி பக்கத்து வெள்ளையில் ஏறுகிறது. துவைத்தால் சாயம் நிற்குமா என்று பார்க்கும் வாஷ் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதற்கு மதிப்பெண் போடும் கிரே ஸ்கேலில் 5 என்றால் சாயம் நிற்கிறது, 1 என்றால் மோசம். எந்த எண் வந்தால் ஒப்புக்கொள்வார் என்பது ஆர்டரிலேயே இருக்கும்.

இதே சிவப்பில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் 'ப்ளீஸ் டோன்ட் ரன் த ரெட் யெட்' என்று ஒரு மெயில். சாயம் போகக்கூடாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சாயம் துணியில் பிடித்து நிற்க ஃபிக்சிங் நன்றாகப் போடச் சொல்லி 600 கிலோ துணியைச் சாயத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதோ 'சிவப்பை இன்னும் ஓட்டாதீர்கள்', அதாவது உற்பத்தியைத் தொடங்காதீர்கள். நாலாம் நாள் ஷேடை மாற்றினார். அந்த 600 கிலோவும் என் கணக்கில் நின்றது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

எங்கே பிசகினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழில் 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. ஒரு 'ட்' கூடினால் தானாக நடப்பது போய், நாம் நடத்துவதாகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். சொல் நிற்கும் இடத்தை வைத்துத்தான் தெரியும். 'த ரெட் ரன்ஸ்' என்றால் சிவப்பு தானே ஓடுகிறது. 'ரன் த ரெட்' என்றால் சிவப்பை நாம் ஓட்டுகிறோம். கடைசியில் 'யெட்' என்று ஒரு குட்டிச் சொல் இருந்ததே, அதையும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் பக்கத்துச் சொல், பக்கத்துச் சொல் என்று அடித்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர், ஈரோடு: அக்கா, 645 அர்த்தமும் லிஸ்டா கிடைக்குங்களா?

வேண்டாம் தம்பி. மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும்.

நூல் கடை, பல்லடம்: 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்'.

நூல் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ரன் அவுட்'டுக்குப் பின்னால் 'ஆஃப்' வந்து, அதற்கடுத்து ஒரு சரக்கின் பெயரும் வந்தால் அது தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தரகர், அவிநாசி: கிரயப் பத்திரத்துல 'ரன்ஸ் வித் த லேண்ட்'னு ஒரு வரி இருக்குதுங்க. கையெழுத்துப் போடலாங்களா?

அந்த நிபந்தனை நிலத்தைவிட்டுப் போகாது, நிலத்தை வாங்குகிறவர் தலையில் ஏறும் என்பது சொல்லின் பொருள். கையெழுத்தை வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அது என் வேலையல்ல.

பத்தாம் வகுப்பு மாணவி, பவானி: காலிங்கராயன் வாய்க்கால் 'ரன்ஸ் நைன்ட்டி கிலோமீட்டர்ஸ்'னு எழுதினேன். வாய்க்கால் எங்க ஓடுது, தண்ணிதானே ஓடுதுன்னு எங்க அப்பச்சி கேக்கறாங்க.

அப்பச்சி கேட்டது அருமையான கேள்வி கண்ணு. நீ எழுதியதும் சரி. காலிங்கராயன் அணையில் கிளம்பி சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறதே, அந்த நீளத்தில் நம் கண் ஓடுகிறது. அதனால் அசையாத வாய்க்காலையும் ஆங்கிலம் ஓடவிடுகிறது. ரோடும் வேலியும் மலையும் அங்கே அப்படித்தான் ஓடும். நாமும் 'ரோடு கோபிக்குப் போகுது' என்கிறோம், ரோடு எங்கே போயிற்று? அப்பச்சியிடம் இதைக் கேட்டுப் பார்.

வாசகர், பொள்ளாச்சி: ஒரே சொல்லை 645 எடத்துல போட்டுச் சமாளிக்கறது அந்த மொழியோட வறுமைங்க. தமிழ்ல ஒவ்வொண்ணுக்கும் தனிச்சொல் இருக்குது.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்று காது கொடுங்கள். மோட்டார் ஓடுது. கடை நல்லா ஓடுது. படம் ரெண்டு வாரம் ஓடுச்சு. வண்டி லிட்டருக்கு 50 ஓடுது. வருசம் ஓடிப்போச்சு. ஏதோ குடும்பம் ஓடுது. மண்டைக்குள்ள என்னமோ ஓடுது. பசங்க அவனை வெச்சு ஓட்டறாங்க. இதெல்லாம் வறுமையா? உழைக்கிற சொல்லுக்குத்தான் பொருள் கூடும். அலமாரியில் பூட்டி வைத்த சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபி: ஓட்டு வீடு, ஆமை ஓடு, திருவோடு, தேர்தல் ஓட்டு, எல்லாத்தையும் சேர்த்தா நம்ம கணக்கு இன்னும் கூடுமேம்மா?

ஐயா, உங்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சேர்க்கக் கூடாது. கூரை ஓடும் ஆமை ஓடும் கெட்டியான மூடி. ஓடுகிற ஓட்டத்துக்கு அவை உறவில்லை. தேர்தல் ஓட்டு 'வோட்டு' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் தேய்ந்தது. ஆங்கிலத்திலும் கிரிக்கெட் 'பேட்' வேறு, வௌவால் 'பேட்' வேறு. ஒலி ஒன்று, சொல் இரண்டு. 'ரன்' அப்படியல்ல, ஒரே வேரில் வளர்ந்த மரம்.

அதே ஆசிரியர்: சரிம்மா, திருத்தத்தை ஏத்துக்கறேன். ஆனா நீங்க சொல்ற பக்கத்துச் சொல் சங்கதியைத் தொல்காப்பியர் சொல்லிட்டார், பாத்தீங்களா?

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். பலபொருள் ஒருசொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளியும் என்கிறார். சொல்லதிகாரத்தில் வருகிறது. மா பூத்தது என்றால் மரம், மா பாய்ந்தது என்றால் விலங்கு, அது வினை. மாவும் வேம்பும் என்றால் பக்கத்தில் நிற்கும் வேம்பு மரம்தான் என்று சொல்லிவிடுகிறது, அது இனம். தேரில் பூட்ட மா கொண்டுவா என்றால் குதிரை, அது சார்பு. பையர் மெயிலுக்கும் இதே மூன்று போதும். 'ரன்' எந்தச் சொற்களோடு நிற்கிறது, சாயத்தைப் பற்றிய மெயிலா உற்பத்தியைப் பற்றியதா என்று பார்த்திருந்தால் அந்த 600 கிலோ போயிருக்காது.

பொள்ளாச்சி வாசகர் மறுபடியும்: நீங்க சாமர்த்தியமாப் பேசறீங்க. ஆனா மூக்கு ஒழுகறதுக்குமா 'ரன்'?

அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது ஐயா. ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. அங்கே சாயம் ஓடுகிறது, நமக்குப் போகிறது. அமெரிக்காவில் தேர்தலில் ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். இங்கிலாந்திலும் நிற்கத்தான் செய்கிறார்கள். காலுறையில் ஒரு கண்ணி விட்டுப்போய் ஏணி போலப் பிரிந்தால் அமெரிக்கர் 'ரன்' என்பார், இங்கிலாந்துக்காரர் 'லேடர்' என்பார். ஆக ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டிய இடத்தில் தனிச்சொல் வைத்திருக்கிறது. வறுமை என்பதை மட்டும் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரூரிலிருந்து ஒருவர், நாமக்கல்லிலிருந்து ஒருவர்: லிஸ்ட் கிடைக்குமா?

கிடைக்காது. மேலே பதில் இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

தறிக்காரர், சோமனூர்: எம்புள்ள நோட்டுல 'மை ஃபாதர் ரன்ஸ் எ லூம்'னு எழுதியிருக்கறா. சரிங்களா அம்மிணி?

இலக்கணம் சரிங்க அண்ணா. ஆனால் தமிழில் 'தறி ஓட்டறேன்' என்றால் சொந்தத் தறியும் இருக்கலாம், இன்னொருவர் தறியில் கூலிக்கு நிற்பதும் இருக்கலாம். நீங்கள் எப்படி?

சோமனூர்: சொந்தத் தறிங்க, எட்டு ஓடுது. பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி முதலாளிங்க குடுப்பாங்க, நாங்க கூலிக்கு நெய்து குடுக்கறோம்.

அப்படியென்றால் 'எ லூம்' போதாது. 'மை ஃபாதர் ரன்ஸ் எய்ட் லூம்ஸ்' என்று எழுதச் சொல்லுங்கள்.